கணினிக் குழுவை வழிநடத்திய அகதிச் சிறுமி

தோட்டத்தில் வேலையை எப்படி அளப்பார்கள் என்பது நாம் அறிந்ததே. கங்காணி பின்னால் நிற்பார். கொழுந்தைத் தராசில் நிறுப்பார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர்.

கணினிக்கு மென்பொருள் எழுதும் வேலையைத் தராசில் நிறுக்க முடியாது. பத்துப் பேர் தனித்தனியே எழுதும் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது இயங்கும். ஒருவர் தன் பிழையை மறைத்தால் எல்லோருடைய உழைப்பும் வீணாகும். ஆகவே, பிழையைப் பயமின்றிச் சொல்லக்கூடிய நம்பிக்கையை வளர்ப்பதே அங்கு குழுத்தலைவியின் முதற்கடமை.

காவல் நிற்காமலே ஒரு குழுவை வழிநடத்தலாம் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர் ஸ்டெபனி ஷேர்லி. 1933இல் ஜேர்மனியில் பிறந்த இவரின் தந்தை ஒரு யூதர். நாசிகளின் கொடுமைக்கு அஞ்சிய பெற்றோர், 1939இல் ஐந்து வயதுச் சிறுமியான இவரை மற்ற அகதிப் பிள்ளைகளுடன் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர்.

1962இல் 6 பிரித்தானியப் பவுண் முதலுடன் மென்பொருள் நிறுவனமொன்றை ஆரம்பித்தார். பிள்ளைப்பேற்றினால் வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். அவர்கள் வீட்டிலிருந்தே எழுதினர். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டார். மணிக்கணக்கில் கூலி கேட்காமல், முடித்துத் தரும் வேலைக்கே விலை பேசினார். முதல் 300 பணியாளரில் ஆண்கள் மூவர் மாத்திரமே. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளும் இப்பெண்களின் வீடுகளில்தான் உருவானது. பின்னாளில் நிறுவனத்தின் பங்குகளையும் பணியாளருக்கு வழங்கினார். 2025இல் காலமானார்.

2020இல் கொவிட் பரவியபோது உலகின் பெரிய நிறுவனங்களும் வீட்டிலிருந்து வேலை செய்யும் முறைக்கு மாறின. 2022, 2023ஆம் ஆண்டுகளில் அதே நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலைநீக்கம் செய்தன. இன்று செயற்கை நுண்ணறிவே மென்பொருள் எழுதுகிறது. அது எழுதியதைச் சரிபார்க்கவும், பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறியவும், குழுவை ஒன்றாக வைத்திருக்கவும் மனிதரே தேவை.

தமிழ்நாட்டில் சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் திறந்தது. இடையில் வேலையை விட்ட பெண்களுக்காக 'மறுபடி' என்ற பயிற்சியையும் ஆரம்பித்தது.

எமது மலையகப் பிள்ளைகளுக்கும் வழியுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை உயர்தரத்தின் பின் வீட்டிலிருந்தே படிக்கலாம். அது ஆங்கில மொழியில் நடப்பதால், ஆங்கிலத்தைச் சிறு வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும். "அது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்று மகளைத் தடுத்துவிடாதீர்கள்.

சகோதரிகளே, யுத்தத்தில் வீடிழந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தபோது, உங்களை யாரும் மேற்பார்வை செய்யவில்லை. இருந்ததைப் பங்கிட்டு, ஒருவரையொருவர் நம்பியே கரை சேர்ந்தீர்கள். அந்த அனுபவத்தை மகள்மாருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் சேமிப்புக் குழுவிலும் அதையே கடைப்பிடியுங்கள். தவணை கட்ட முடியாதவள் வெட்கமின்றி அதைச் சொல்ல முடிகிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.