எடுப்புப் பல்லும் கம்பியும்

பெரியம்மா சிரிக்கும்போதெல்லாம் முந்தானை வாயருகே போய்விடும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதை மருத்துவரிடம் காட்டலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. நிறம், உயரம் போல எடுப்புப் பல்லும் பிறவியோடு வந்தது, அவ்வளவுதான். அவருடைய பேத்திக்குப் பன்னிரண்டு வயதில் கம்பி போட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. கம்பியைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையங்களுக்கு மாதாமாதம் அவளே நிறம் தேர்ந்தெடுத்தாள்.

அன்று பல் வரிசைக்கான வைத்தியம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறிவோம். பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவினால் தெத்துப்பல் முளைக்கும் என்று அதட்டுவார்கள். விரல் சூப்பும் பிள்ளையின் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். அந்தக் கசப்பு சரியான காரணத்தைத்தான் குறிவைத்தது. நிலைப்பற்கள் முளைத்த பிறகும் விரல் சூப்பினால் மேல் பற்கள் முன்னே தள்ளும். வாயை மூடிக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. இன்று அதே பழக்கத்தை நிறுத்த, மேலண்ணத்தில் ஒரு கம்பித் தடுப்பைப் பொருத்துகிறார்கள்.

முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்து அன்று யாரும் பதறியதில்லை. “வளர்ந்தால் சேர்ந்துவிடும்” என்பார்கள். இன்று எட்டு வயதுப் பிள்ளையின் பல் இடைவெளியைப் பார்த்ததும் தாய் மருத்துவரிடம் ஓடுகிறாள். இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளி என்றால் அவரும் பெரும்பாலும் அதையேதான் சொல்கிறார்: பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது தானாக மூடக்கூடும். ஆனால் மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடித்தால் அவர் காத்திருக்கச் சொல்வதில்லை. அன்று இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று பிரித்தறிந்ததே பெரிய ஆதாயம்.

அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்துக் கடிக்கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். அந்த வகைப்பாடு இன்றும் வழக்கில் இருக்கிறது. மாறியவை கருவிகள். பெரியம்மாவின் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டினார்கள்; இன்று பல்லின் முகப்பில் சிறு வில்லையை ஒட்டுகிறார்கள். அன்று எஃகுக் கம்பியை மருத்துவர் கையால் வளைத்து முறுக்கினார். இன்று நிக்கல்–டைட்டானியக் கம்பி தன் பழைய வளைவுக்குத் திரும்பும் முயற்சியிலேயே பல்லை மெல்ல இழுக்கிறது. அன்று அச்செடுக்க வாய் நிறையக் குழைந்த மாவை வைத்துக் குமட்டலோடு காத்திருந்தார்கள்; இன்று பேனா போன்ற ஒரு ஸ்கேனர் சில நிமிடங்களில் படமெடுத்து முடிக்கிறது. 1990களின் இறுதியில் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறைகளும் வந்துவிட்டன.

எலும்பு மட்டும் அவசரப்படவில்லை. பல் நகரும் பக்கம் எலும்பு கரைய வேண்டும். அது விட்டுவந்த பக்கம் புது எலும்பு ஊற வேண்டும். அன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இன்றும் ஏறக்குறைய அதே.

பேத்திக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது முறுக்கை முன்பல்லால் கடிக்கிறாள், வாய் விட்டுச் சிரிக்கிறாள். பெரியம்மாவுக்கு ஆயுள் முழுவதும் கிடைக்காதவை இவை. ஆனால் பெரியம்மாவின் மகளை ஊரில் வாயைப் பார்த்தே அடையாளம் சொன்னார்கள். பேத்தியை இன்னார் வீட்டுப் பெண் என்று இனி அப்படிச் சொல்ல முடியாது.

கம்பியைக் கழற்றிய பிறகும் ஈறுக்குள் இருக்கும் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதைத் தடுக்க அவள் தினமும் உறங்கும் முன் ஒரு தாங்கியை மாட்டிக்கொள்கிறாள். ஓரிரு வாரம் மறந்தால் அது இறுகுகிறது. முன்பற்கள், மிக மெல்ல, பாட்டியின் பக்கம் நகர்ந்திருக்கின்றன.