வெள்ளத்திற்கு வழிவிடும் பூங்கா

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் கடந்த தை மாதத்தில், எங்கள் புவியியல் ஆசிரியையுடனும் அருட்சகோதரிகள் இருவருடனும் முக்கொம்புக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்தோம். திருச்சி மாநகரத்தார் விடுமுறை நாட்களில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வந்து மகிழும் ஆற்றங்கரைப் பூங்கா அது. தஞ்சையில் வாழும் நமக்கோ அது வெறும் பூங்கா மட்டும் அன்று. நம் வயலுக்கு வரும் தண்ணீரும், நம் வயலை மூழ்கடிக்காமல் விலகிச் செல்லும் தண்ணீரும் பிரிகின்ற இடம் அது. ஆகவே அங்குக் கண்டதையும் கேட்டதையும் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

திருச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், கரூர் செல்லும் சாலையில் ஜீயபுரத்தை அடுத்து முக்கொம்பு உள்ளது. அகன்று வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகின்றது. வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தென்கிளை காவிரி என்ற பெயரோடே செல்கின்றது. இவ்விரண்டும் திருவரங்கத்தைத் தீவாக நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டு, கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன.

பூங்காவில் நிழல் தரும் பெருமரங்கள், புல்தரை, சிமெண்டு இருக்கைகள், ஊஞ்சல்கள், சறுக்கு மரங்கள் எல்லாம் உண்டு. ஊஞ்சலிலிருந்து எங்களை இறக்க அருட்சகோதரிக்கு விசில் தேவைப்பட்டது! உணவு முடிந்ததும் எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "இங்கே வெள்ளம் வந்தால் கெட்டுப்போகக்கூடிய பொருள் எது? தேடிக் கண்டுபிடியுங்கள்." நாங்களும் தேடினோம். புல் நனைந்தால் மீண்டும் தழைக்கும். மரம் சில நாள் நீரில் நின்றால் சாகாது. இருக்கையைக் கழுவிவிட்டால் போதும். ஆற்றை ஒட்டிய நிலத்தில் வீடும் கடையும் கட்டாமல், புல்லும் மரமும் வைப்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. பெருவெள்ளம் வரும் நாட்களில் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. அந்த நாட்களில் அவ்விடம் ஆற்றுக்கு உரியது.

நாங்கள் சென்ற நாளில் ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் திட்டுகள் வெண்மையாய்த் தெரிந்தன. மதகுத் தூண்களில் நம் உயரத்திற்கும் மேலே காய்ந்த கோரையும் சருகும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கு வரை ஏறியது என்பதற்கு அவையே சாட்சி.

இனி அணையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதன் பாதையும் நேரானது. தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும்! ஆண்டுகள் செல்லச் செல்ல காவிரியில் மணல் மேடிட்டது. வந்த நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடலுக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்கள் இதனால் வாடின. சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தண்ணீர் குறைவாக வரும்போது அது கொள்ளிடத்தை அடைத்து நீரைக் காவிரிக்குத் திருப்பும். வெள்ளம் வரும்போது கொள்ளிடத்திற்குத் திறந்துவிடும். அதே காலத்தில் அணைக்கரையில் கீழணையையும் அவர் அமைத்தார். கீழணையில் பிரியும் வடவாற்று நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் சென்னை மக்களும் அவ்வேரி நீரைக் குடிக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

செய்திகளில் "வினாடிக்கு இத்தனை கன அடி" என்று கேட்கிறோம் அல்லவா? ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அதாவது, நம் வீட்டுக் குடத்தால் இரண்டு குடம். பெருவெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேலும் ஓடியிருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் 4 லட்சம் குடம்! மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த வேகத்தில் வந்தால் வெற்று அணைகூட ஐந்தரை நாளில் நிரம்பிவிடும் என்று கணக்கில் தேர்ந்த எங்கள் தோழிகள் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். மேலும், பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. மேட்டூரை மூடினாலும் அந்த ஆறுகளின் வெள்ளம் முக்கொம்புக்கு வந்தே தீரும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அப்போது சரிந்தன. ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து நீரோடு போயின. 180 ஆண்டுகள் நின்ற அணை! கடைமடை வயல்கள் தண்ணீருக்குக் காத்திருக்க, நீரெல்லாம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் சென்றதே என்று உழவர்கள் வருந்தினர். மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டித் தற்காலிகமாக அடைத்தார்கள். பிறகு பழைய அணைக்குக் கிழக்கே புதிய கதவணை கட்டப்பட்டது. அதன் மேல் நின்று பார்த்தால் இரண்டு காலமும் ஒருசேரத் தெரிகின்றன. புதியது உறுதியானதுதான், ஆனால் கண்ணுக்கு அழகு பழையதே என்பது எங்கள் கட்சி.

ஆற்றையும் பூங்காவையும் ஒன்றாகவே அமைத்த நகரம் ஒன்று உண்டு. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரே அது. அங்கே பீஷான் என்ற பகுதியில் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேரான கான்கிரீட் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து செல்லும் இயற்கை ஆறாக்கி, 2012இல் பூங்காவாகத் திறந்தார்கள். கரையைக் காப்பவை கல்லும் செடிவேர்களும். மழையில்லா நாளில் குழந்தைகள் ஆற்றோரம் விளையாடுவார்கள். நீர் உயர்ந்தால் எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் அவர்களை மேட்டுக்கு அனுப்பிவிடும். புற்கரை முழுவதும் அப்போது ஆறாகிவிடும். செடிவேரால் கரையைக் கட்டுவது நம் பாட்டனாருக்கும் தெரிந்ததுதான். நம் வாய்க்கால் கரைகளில் நாணலும் நொச்சியும் இருப்பது எதற்காக?

மாலையில் கல்லணைக்கு வந்தோம். யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஆற்று மணலில் பெருங்கற்களை இட, அவை தாமே உள்ளிறங்கி உறுதிபெற, மேலும் மேலும் கல்லடுக்கி இடையே களிமண் பூசிக் கட்டியது பழைய அணை. மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் காட்டன் துரை இங்கிருந்தே கற்றார் என்பர். இங்குக் காவிரி, வெண்ணாறு, 1934இல் வெட்டிய கல்லணைக் கால்வாய் ஆகியவற்றிற்கு நீர் அளந்து விடப்படுகிறது. இம்மூன்றும் வெள்ளத்தில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். அதற்குமேல் விட்டால் கரை உடையும். சம்பாப் பயிர் அழுகும். ஆதலால் மிகுந்த நீரைக் கல்லணையிலிருந்தும் கொள்ளிடத்திற்கே தள்ளுகிறார்கள்.

அப்படித் தள்ளிய நீர் ஆளில்லாத இடத்திற்கா போகிறது? கொள்ளிடம் கடலில் கலக்குமுன் மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் முதலிய ஊர்கள் ஆற்றுக்குள்ளேயே இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் அவ்வூர்களை வெள்ளம் சூழ்ந்தது. மக்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தஞ்சை தப்பிக்க வேண்டுமானால் அவர்கள் நனைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை நாங்கள் படித்ததில்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பாயி கொள்ளிடப் படுகையில் வசிக்கிறார். முக்கொம்பில் இத்தனை ஆயிரம் என்று செய்தி வந்தவுடன் நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றி, மாடுகளை அவிழ்த்துக் கரைமேல் கட்டிவிடுவாராம். "உங்க ஊரு தண்ணியெல்லாம் எங்க ஊரு வழியாத்தானே போவணும்" என்பாராம், கோபமில்லாமல். அணையின் பணியாளர் ஒருவரிடம் அத்தோழி, "ஐயா, திறப்பதற்கு முன் அங்கே யார் சொல்லுவார்கள்?" என்று கேட்டாள். மாவட்ட நிர்வாகத்திற்கு முதலில் தகவல் போகும். பின்பு ஊர் ஊராக ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இரவில் திறந்தாலும் சொல்வார்களா என்று அவள் மறுபடியும் கேட்டாள். இரவில்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் அம்மா என்றார் அவர்.