அதிவேக வலையமைப்பும் போக்குவரத்து நெறிமுறையும்

"ஒளியியல் நார் வடம் இணைத்தால் இணையம் தானாகவே வேகமாகிவிடும்" என விடை எழுதுவோர் பலர். அது அரைவாசிதான் சரி. ஏன் என்பதை நோக்குவோம்.

1. சாளரம்

சம்மாந்துறை அரிசி ஆலையொன்று கொழும்புக் கடைக்கு அரிசி அனுப்புகிறது எனக் கொள்வோம். "நான்கு லொறி அனுப்பலாம்; பற்றுச்சீட்டு வந்த பின்பே அடுத்தவை" என்பது நிபந்தனை. பாதையை எவ்வளவு அகலமாக்கினாலும் கூடுதல் அரிசி போய்ச்சேராது. நான்கு என்ற எண்ணே தடை.

ரி.சி.பி. எனும் போக்குவரத்து நெறிமுறையும் இவ்வாறே இயங்குகிறது. ஏற்புச் செய்தி கிடைக்குமுன் அனுப்பத்தக்க தரவின் அளவு சாளரம் எனப்படும்.

உதாரணம்: சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலிருந்து வெளிநாட்டுச் சேவையகமொன்றுக்குத் தரவு அனுப்பப்படுகிறது. இணைப்பு செக்கனுக்கு 1,000 மெகாபிற், போய்வரும் நேரம் 0.2 செக்கன் எனக் கொள்க. 1981 இல் வரையறுக்கப்பட்ட ரி.சி.பி. இன் உச்சச் சாளரம் 65,535 பைற் ஆகும்.

வேகம் = 65,535 × 8 ÷ 0.2 = 2,621,400 பிற்/செக்கன்

அதாவது ஏறத்தாழ 2.6 மெகாபிற் மட்டுமே! வடம் முழுவதையும் பயன்படுத்தத் தேவையான சாளரம்:

1,000,000,000 × 0.2 ÷ 8 = 25,000,000 பைற்

சாளரத்தைப் பெருப்பிக்கும் வசதி 1992 இல் வரையறுக்கப்பட்டது. ஆயினும் வேறொரு சிக்கல் எஞ்சியது.

2. பொதி இழப்பு

1986 இல் அமெரிக்காவில் நெரிசல் காரணமாக ஓரிணைப்பின் வேகம் செக்கனுக்கு 32 கிலோபிற்றிலிருந்து 40 பிற்றாக வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988 இல் நெரிசற் கட்டுப்பாட்டு முறையை வெளியிட்டார். பின்னர் நிலைபெற்ற அதன் வடிவில், பொதியொன்று இழக்கப்பட்டால் சாளரம் பாதியாகும். அதன்பின் போய்வரும் நேரம் ஒன்றுக்கு ஒரு பொதி வீதமே அது கூடும்.

மேற்படி உதாரணத்தில் பொதி 1,500 பைற் எனின், சாளரம் ஏறத்தாழ 16,667 பொதிகள். பாதியாகக் குறைந்தபின் 8,333 பொதிகளை மீளப்பெற 8,333 × 0.2 = 1,667 செக்கன், அதாவது ஏறத்தாழ 28 நிமிடம் செல்லும். ஒரேயொரு பொதி இழப்பின் விளைவு இது!

3. புதிய முறைகள்

கியூபிக்: இழப்பின்போது சாளரத்தை 70 சதவீதமாகவே குறைக்கும். பின் விரைவாகக் கூட்டி, பழைய அளவை அண்மிக்கையில் வேகத்தைத் தணிக்கும். 2006 இலிருந்து லினக்ஸின் இயல்பு முறை இதுவே.

குவிக்: 2021 இல் நியமமாக்கப்பட்டது. யு.டி.பி. மீது இயங்கும். ஓர் ஓடையில் பொதி இழக்கப்பட்டாலும் ஏனைய ஓடைகளின் தரவு காத்திருக்க வேண்டியதில்லை.

நினைவிற் கொள்க: வடம் தருவது கொள்ளளவு, அதனைப் பயன்படுத்துவது நெறிமுறை.

பயிற்சி: இணைப்பு செக்கனுக்கு 100 மெகாபிற், போய்வரும் நேரம் 0.04 செக்கன் எனின், தேவையான சாளரம் யாது? (விடை: 500,000 பைற்)