பல் பிடுங்கிய பின் மரத்த வாய்

பல்வலி முற்றிய பிறகும் பலர் பல் மருத்துவரை நாடத் தயங்குகின்றனர். ஊசி போட்டால் நாக்கும் உதடும் மரத்தே போய்விடும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணமாகும். ஆகவே, ஊசியினால் ஏற்படும் மரப்பைப் பற்றி ஒவ்வொரு தொழிலாளரும் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

மரப்பு ஏன் உண்டாகிறது?

வலியை மூளைக்குக் கொண்டு செல்பவை நரம்புகள். ஊசி மருந்து அந்தச் செய்தியைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துகிறது. இன்று பெரிதும் பயன்படும் லிக்னோகேன் என்னும் மருந்து 1943ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. கீழ்த்தாடையில் ஊசி போட்டால் உதடும் நாக்கும் பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மரத்திருக்கும். இதனால் கவலை கொள்ள வேண்டியதில்லை.

அந்நேரத்தில் கவனம் தேவை

மரத்த வாய் சூட்டை அறியாது. கேமரன் மலையின் திரிங்காப் போன்ற குளிர்ப் பகுதிகளில், பல் பிடுங்கி வீடு திரும்பியதும் கொதிக்கும் தேநீரை நாடுவது இயல்பே. ஆனால் உணர்வு திரும்பும் முன் அதை அருந்தினால் வாய் வெந்துவிடும். வெற்றிலையும் புகையும் கூடாது. சிறுவர்கள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வர். பெற்றோர் அவர்களைக் கண்காணிக்க வேண்டும்.

மறுநாளும் மரப்பு நீடித்தால்

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில், தாடை எலும்பினுள் ஒரு நரம்பு செல்கிறது. நாக்கின் உணர்வு நரம்பு ஞானப்பல்லை ஒட்டியே செல்கிறது. ஊசி முனை பட்டாலும், ஞானப்பல்லை எடுக்கும்போது அழுத்தம் ஏற்பட்டாலும் இந்நரம்புகள் அடிபடலாம். இவ்வாறு நேர்வது அரிது. நேர்ந்தாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். மிகச் சிலருக்கே குறை நிலைத்துவிடுகிறது.

எனினும், தானே சரியாகும் என வாளாவிருத்தல் தவறாகும். மறுநாளும் மரப்பு இருப்பின், பல் பிடுங்கிய இடத்திற்கே சென்று தெரிவியுங்கள். எந்த நாள் ஊசி போடப்பட்டது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் மரத்துள்ளது என்பவற்றைச் சொல்லுங்கள். மருத்துவர் அவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்தடுத்துச் சோதிப்பார். தேவையாயின் வாய் அறுவை நிபுணரிடம் அனுப்புவார். நரம்புக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் காலதாமதம் அதன் பயனைக் குறைத்துவிடும்.

காய்ச்சலுடன் வீக்கம் பரவினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கேமரன் மலை மக்களுக்குத் தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை உண்டு. திடீரென முகத்தின் ஒரு பக்கம் மரத்து, கை வலுவிழந்து, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதியாமல் 999 எண்ணை அழையுங்கள்.

சில மணி நேர மரப்புக்கு அஞ்சிச் சொத்தைப் பல்லை வைத்திருப்பது பெருந்துன்பத்தை வரவழைப்பதாகும். இரப்பர்த் தோட்டமாயினும் தேயிலைத் தோட்டமாயினும், காலத்தோடு பல் மருத்துவரை நாடுவதே நன்மை தரும்.