பகலில் எரியும் விளக்கு யாருக்கு?

நம் ஊரில் பொழுது விடிவதும் சாய்வதும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். சட்டமும் அதற்கேற்ப எளிமையானது. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை வாகனத்தின் விளக்குகள் எரிய வேண்டும். மற்ற 12 மணி நேரமும் கார் ஓட்டுபவரின் விருப்பம். ஆனால், பிற்பகல் 4 மணிக்குக் கொட்டும் மழைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அந்த நேரத்தில் தீவு விரைவுச்சாலையில் போயிருந்தால் நீங்களும் கவனித்திருப்பீர்கள். சாம்பல் நிறக் கார்களும் வெள்ளி நிறக் கார்களும் தண்ணீர்த் திவலைக்குள் கரைந்துபோய், பக்கத்துத் தடத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

மோட்டார்சைக்கிள்களுக்கு இந்த விருப்பம் கிடையாது. 1995 நவம்பரிலிருந்து சிங்கப்பூரில் அவை பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டபடிதான் ஓட வேண்டும். மலேசியா 1992லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. காலையில் ஜோகூர் கடற்பாலத்தைக் கடக்கும் மோட்டார்சைக்கிள்களின் நீண்ட விளக்கு வரிசை நமக்குப் பழகிப்போனதால், அதன் பின்னால் ஒரு சட்டம் இருப்பதே பலருக்கு நினைவில்லை. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களில் இஞ்சின் ஓடினாலே விளக்கு எரிகிறது. அணைக்கப் பொத்தானே இல்லை. அதற்கு முன்பெல்லாம் பகலில் விளக்கு எரிந்தால், எதிரே வருபவர் கைவிரல்களைக் குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போவார். அந்தச் சைகையை அங்கே இப்போதும் சிலர் விடவில்லை!

கார்களின் கதை வடக்கே, வெளிச்சம் குறைந்த நாடுகளில் தொடங்கியது. சுவீடன் 1977ல் பகலிலும் விளக்கைக் கட்டாயமாக்கியது. கனடா 1989 டிசம்பரிலிருந்து தயாரான புதிய கார்களில் தானாக எரியும் பகல்நேர விளக்கு இருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரியிலிருந்து புதிய கார் வகைகளுக்கு அதே விதியைக் கொண்டுவந்தது. அதன்பிறகு வந்த கார்கள் பலவற்றில் அந்த வெள்ளைக் கீற்று முகத்திலேயே இருக்கும். பிரச்சினை, சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டும் பழைய கார்களுக்குத்தான். அப்படியொரு காரைத்தான் நானும் ஓட்டுகிறேன். நிறமா? சாம்பல்!

எங்கள் அம்மாவுக்கு 71 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இன்னொன்று பாக்கி. தினமும் காலையில் தேக்கா சந்தைக்கு நடந்துபோவார். பளிச்சென்ற வெயிலிலிருந்து புளோக்கின் நிழலுக்குள் வரும்போது கார் நிறுத்துமிடத்தின் வழியைக் கடப்பதுதான் அவருக்குப் பெரிய சோதனை. “வண்டி நிக்குதா வருதான்னே தெரியலப்பா. இப்ப வர்ற காருக்குச் சத்தமும் இல்ல” என்றார் ஒருநாள். விளக்கு எரியும் கார் வந்தால் மட்டும் சட்டென்று நின்றுவிடுவதாகவும் சொன்னார். பகல்நேர விளக்கு பற்றி அதுவரை நான் படித்ததெல்லாம் ஒரு பக்கம், அம்மா சொன்னது ஒரு பக்கம். அடுத்த சனிக்கிழமையே ஜாலான் புசார் பக்கம் போனேன்.

சாதாரண முகப்பு விளக்கையே பகலிலும் போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், தவறே இல்லை. ஆனால் பழைய ஹாலஜன் பல்பு ஒன்றுக்கு 55 வாட். இரண்டுக்கு 110, பின்விளக்குகள் தனி. எல்இடி பகல்நேர விளக்கு ஜோடிக்கு நான் வாங்கியதில் 16 வாட்தான். அதைவிட முக்கியம், இதை நாம் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கார் ஓடினால் எரியும், நின்றால் அணையும்.

ஜாலான் புசார், சிம் லிம் டவர் வட்டாரத்தில் மின்சாதன உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. விளக்கு வாங்கும்போது பெட்டியின் படத்தைப் பார்க்காதீர்கள், விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், அருகில் ‘ஆர்எல்’ என்ற இரண்டு எழுத்துகளும் ஓர் ஒப்புதல் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐநாவின் 87ஆம் எண் விதிமுறைப்படி சோதிக்கப்பட்ட பகல்நேர விளக்கு என்று அதற்குப் பொருள். அந்த விதிப்படி ஒளி 400 கேண்டெலாவுக்குக் குறையக்கூடாது, 1,200ஐத் தாண்டக்கூடாது. வெயிலில் தெரிய வேண்டும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவும் கூடாது என்ற கணக்கு அது. வட்டமும் எழுத்தும் மட்டும் இருந்து, ஒப்புதல் எண் இல்லாதவற்றைத் தொடாதீர்கள். நீலம், சிவப்பு, ஓடும் வண்ணங்கள் என்று வருபவற்றைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதியே இல்லாதவை, முன் ஒப்புதல் தேவைப்படுபவை, ஒப்புதல் தேவைப்படாதவை. விளக்குகள் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, சோதனை நிலையத்தில் விளக்கின் விவரத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டுமே. புதுக் கார் வைத்திருப்பவர்கள், கம்பியில் கை வைத்தால் உத்தரவாதம் என்னாகும் என்று முகவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

‘வீட்டிலேயே பொருத்தலாம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். யார் வீட்டில்? நம்மில் பெரும்பாலோர் இருப்பது வீவக வீட்டில். அங்கே கார் நிறுத்துமிடத்தில் போனட்டைத் திறந்துவைத்துப் பழுதுபார்க்க அனுமதியில்லை. நல்லவேளையாக அக்கா வீடு தரைவீடு. அத்தானும் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அப்படி யாரும் இல்லையென்றால் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு பட்டறையில் கொடுத்துவிடுவது மேல்.

வேலை இரண்டரை மணி நேரம் பிடித்தது. அதில் விளக்கைப் பொருத்தியது அரை மணி நேரம்தான். பம்பரின் கீழ்க் கம்பிவலையில் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டராவது விட்டு வைக்க வேண்டும். மீதி நேரம் முழுக்கக் கம்பி வேலை. அத்தான் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். காரின் கடிகாரமும் வானொலி அலைவரிசைகளும் அதோடு போயின. “அது போனா போகுது, நீ அந்தச் சிவப்பு வயர எடு” என்றார்.

அந்தச் சிவப்புக் கம்பிதான் முக்கியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 16 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியர்கூட ஆகாது, 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் தள்ளி இருந்தால், இடையில் கம்பி உரசித் தோல் கிழியும்போது தடுக்க எதுவும் இருக்காது. இஞ்சின் அறையில் தீப்பிடிக்க அவ்வளவு போதும். கம்பிகளை வளைவுக் குழாய்க்குள் செருகி, ரேடியேட்டர் விசிறியையும் புகைபோக்கிக் குழாயையும் விட்டு விலக்கிக் கட்டினோம். இணைப்புகளை டேப் சுற்றி விடாமல், சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொன்னார். நம் ஊர் ஈரத்துக்கு டேப் ஓராண்டுகூடத் தாங்காது என்பது அவர் கட்சி.

‘தானாக’ எரிவதன் சூட்சுமம் ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியில் இருக்கிறது. நிற்கும் காரில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை 14க்குப் பக்கத்தில் ஏற்றிவிடும். அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பெட்டி விளக்கைப் போடுகிறது. என் காருக்கு இது சரியாக வேலை செய்கிறது. ஆனால் ஹைபிரிட் கார்களிலும் மின்னழுத்தத்தை அவ்வப்போது குறைக்கும் புதிய கார்களிலும் பெட்டி குழம்பிப்போய் விளக்கு விட்டுவிட்டு எரியும். அவற்றில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து எடுப்பதே சரி. மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி, காரின் சிறுவிளக்குக் கம்பியோடு சேர வேண்டும். சிறுவிளக்கையோ முகப்பு விளக்கையோ போட்டதும் பகல்நேர விளக்கு அணைய அதுதான் காரணம். சிலர் இதை இணைக்காமலே விட்டு இரவிலும் எரியவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. எல்லாக் கார்களும் விளக்கோடு வந்தால் எங்கள் ஒற்றை விளக்கு அதில் தொலைந்துபோகும் என்று ஐரோப்பிய மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் வாதாடினார்கள். ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகலிலும் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் மழையில் ஒரு மோட்டார்சைக்கிள் ஓட்டி தடம் மாறும்போது, பின்னால் வரும் என் சாம்பல் கார் அவருடைய கண்ணாடியில் தெரிய வேண்டாமா?

எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறொன்று. என் காரில் போட்ட விளக்கு முன்னால் மட்டும்தான் எரிகிறது. பின்விளக்கு எரிவதில்லை. மாலை 7 மணிக்குச் சாலையில் முன்னால் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், தெருவிளக்குகளும் பிரகாசம். முகப்பு விளக்கு எரிவதாகவே ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார், காரின் முதுகோ இருட்டாக இருக்கும். தீபாவளி ஒளியூட்டு நாள்களில் சிராங்கூன் சாலையில் ஒருவர் விளக்கே போடாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்விடலாம், அவருக்கே தெரியாது. கனடாவில் இதைப் ‘பேய் வாகனம்’ என்றே சொல்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே வரும் புதிய கார்கள் இருட்டில் பின்விளக்கையும் தாமாகப் போட வேண்டும், அல்லது ஓட்டுநருக்குத் தெரியும்படி உணர்த்த வேண்டும்.

என் காரில் அந்த வசதி இல்லை. அத்தானும் நானும் இருட்டும்வரை காத்திருந்தோம். அவர் பின்னால் போய் நின்றார், நான் ஒவ்வொரு நிலையாகத் திருப்பினேன். பகல்நேர விளக்கு அணைகிற அதே நொடியில் பின்விளக்கு எரிகிறது. ஆகவே, காருக்குள் இருந்தபடியே கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்தது. அந்தி நேரத்தில் முன்னால் நிற்கும் காரின் பம்பரில் வெள்ளைக் கீற்று இரண்டு பிரதிபலித்தால், என் முதுகு இன்னும் இருட்டு என்று பொருள். மழைக்கும் இதே கணக்குதான். துடைப்பானைப் போடும் கை, கூடவே விளக்குக் கைப்பிடியையும் திருப்ப வேண்டும்.