ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

அம்மாவைக் கொழும்பில் கண் கிளினிக்குக்குக் காட்டிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். பங்குனி மாதத்து மத்தியானம். அத்தான்தான் கார் ஓடினார். ஆனையிறவு வெளியில், ஒதுங்க ஒரு மரநிழல்கூட இல்லாத இடத்தில், வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பொனற்றுக்குக் கீழிருந்து ஆவி எழுந்தது.

கராஜில் ரேடியேற்றரைக் கழற்றிக் காட்டினார்கள். குழாய்களுக்குள் வெள்ளைக் கட்டி, துருச் சேறு. “தம்பி, இது கிணத்துத் தண்ணியின்ர வேலை” என்றார் மெக்கானிக். ஹெட் வளைந்திருந்தது. காஸ்கற் போய்விட்டது. கார் ஒரு மாதம் கராஜில் நின்றது. காலில் இன்னமும் ஷெல் துண்டோடு இருக்கும் அம்மா, அடுத்த கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லாமல் போய்வந்தார்.

பிழை எங்களுடையதுதான். வருடக்கணக்காக ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம்.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தை மறந்தவர்கள் நம்மிடையே குறைவு. ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. அப்போது கூலன்டை யார் தேடினார்கள்? கிணற்றுத் தண்ணீரே போதுமாக இருந்தது.

அந்தக் கார்களால் அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவற்றின் இயந்திரம் கனத்த வார்ப்பிரும்பு. ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். அடைத்துக்கொண்டால் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்து மீண்டும் பூட்டலாம். போருக்குப் பின் நாம் வாங்கிய 1990களின் ஜப்பான் கார்கள் அப்படியானவை அல்ல. பெரும்பாலானவற்றில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். பலவற்றில் ரேடியேற்றரும் அலுமினியம்தான், அதன் தொட்டி பிளாஸ்டிக். அலுமினியம் அதிக சூட்டில் வளையும். ஏ-40 தாங்கியதை இவை தாங்கா.

தண்ணீரில் என்ன குறை?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் இயந்திரத்தின் நீர்ப்பாதையிலும் படிகிறது. படிவு தடித்தால் வெப்பம் வெளியேறாது.

கூலன்டின் வேலை குளிர்விப்பது மட்டுமல்ல. அதிலுள்ள இரசாயனங்கள் துருவையும் உலோக அரிப்பையும் தடுக்கின்றன. அதிலுள்ள கிளைக்கோல் கொதிநிலையை உயர்த்துகிறது. வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், ரேடியேற்றர் மூடி தரும் அழுத்தத்தையும் சேர்த்து, 120 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். ஆகவே மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் கார் கொதிக்கும். மூடியை மாற்றும்போது பழையதில் பொறித்துள்ள அதே எண்ணுடைய மூடியையே வாங்குங்கள்.

செய்ய வேண்டியவை

மாதம் ஒரு முறையாவது, காலையில் இயந்திரம் ஆறியிருக்கும்போது பாருங்கள். பக்கத்துத் தொட்டியில் கூலன்டின் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. செம்மண் நிறமாக இருந்தால் துரு. ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் போன்ற கலங்கல் தெரிந்தால் உடனே கராஜுக்குப் போங்கள். காஸ்கற் பழுதாகி ஒயிலுடன் தண்ணீர் கலந்திருக்கலாம்.

செறிவான கூலன்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த நீருடன் சம அளவில் கலவுங்கள். பற்றரிக்கு என்று கடைகளில் விற்கும் வடித்த நீர் போதும். ஆனால் பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே கலந்து வரும் கூலன்டுக்குத் தண்ணீர் தேவையில்லை. போத்தலில் உள்ளதை வாசியுங்கள். நிறத்தை நம்பி இரண்டு வகைகளைக் கலக்க வேண்டாம். நிறம் தரத்தைக் குறிப்பதில்லை. சாதாரண பச்சைக் கூலன்டை ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

வழியில் கொதித்தால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான இயந்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். நன்றாக ஆறிய பின், வேறு வழியில்லாவிட்டால், கிடைக்கும் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேரலாம். வந்ததும் அதை முழுதாக வெளியேற்றிக் கழுவி, கூலன்ட் நிரப்ப வேண்டும்.

கிணற்றடியில் ஊற்றாதீர்கள்

கிளைக்கோல் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் சிறுபிள்ளைகளும் நாய்களும் குடித்துவிடக்கூடும். பழைய கூலன்டை முற்றத்தில் ஊற்றினால் அது நம் கிணற்றை நோக்கித்தான் போகும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்து, மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். பழைய கூலன்டைக் கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் வரியோடு சேர்த்துப் புதிய கார் வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? இருக்கிற காரைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது அம்மாவின் கிளினிக் நாளில், ஸ்ரார்ட் பண்ண முதல், அத்தான் ரோர்ச்சோடு பொனற்றைத் திறந்து பார்க்கிறார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.