பெயர் கிடைத்தது, மீன் கிடைக்கவில்லை

காவிரியின் கூன்முதுகு மாஷீரைத் தேடி உலகமே வந்தது. அது மறைந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். சிவசமுத்திரம் அருவியைத் தாண்டிய காவிரி, காட்டுக்குள் பாறைகளில் மோதி இரைந்தபடி ஓடுகிறது. கரைப் பாறையில் கனத்த தூண்டில் கோலுடன் ஒரு வெளிநாட்டுக்காரர். தூண்டில் முள்ளில் இருப்பது புழு அல்ல. ராகிக் களி உருண்டை. பக்கத்தில் பரிசலுடன் உள்ளூர் வழிகாட்டி. திடீரென்று நரம்பு விறைக்கிறது, ரீல் அலறுகிறது. மீன் இழுக்கும் பக்கமெல்லாம் இருவரும் பாறைக்குப் பாறை தாவி ஓடுகிறார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் கரைக்கு வருகிறது மீன். எடை போடுகிறார்கள், ஒரு படம் எடுக்கிறார்கள். பிறகு மீனைத் தண்ணீரிலேயே தாங்கிப் பிடித்து, அதற்குத் தெம்பு திரும்பியதும் விட்டுவிடுகிறார்கள்.

பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாகலி ஆகிய முகாம்களில் கோடைக்கு முந்தைய மாதங்களில் வழக்கமாகக் காணக்கிடைத்த காட்சி இது. 2012-உடன் அது முடிந்துபோனது. ஆனால் அந்தத் தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற பதிவேடுகள் சங்கடமான ஓர் உண்மையைச் சொல்கின்றன. காப்பாற்றிவிட்டதாக எல்லோரும் நினைத்த மீன் வேறு. கைநழுவிப் போய்க்கொண்டிருந்த மீன் வேறு.

மாஷீர், கெண்டை இனத்தைச் சேர்ந்தது. தடித்த உதடு, பெரிய செதில்கள். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தையையும் நண்டையும் நொறுக்கித் தின்னும். இமயமலை ஆறுகளில் வாழும் பொன்னிற மாஷீர்தான் இவற்றில் பிரபலமானது. ஆனால் உருவத்தில் அதையும் மிஞ்சியது காவிரியின் கூன்முதுகு மாஷீர். தலைக்குப் பின்னால் திமில்போல எழும் முதுகு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள், 50 கிலோவைத் தாண்டும் எடை. காவிரியையும் அதன் துணை ஆறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்ந்ததில்லை.

தூண்டில் விளையாட்டு நம் நாட்டுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று நினைப்பது சரியல்ல. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதுவித்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூல், அரசர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்றாகத் தூண்டில் மீன்பிடிப்பை விவரிக்கிறது. ஆனால் மாஷீரின் புகழைக் கடல் கடத்தியவர்கள் ஆங்கிலேயர்கள்தாம். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எடைக்கு எடை பார்த்தால் தங்கள் ஊர் சால்மனை விட மாஷீரே வலுவாகப் போராடும் என்பது அவருடைய கட்சி. 1946-இல் கபினியில் மைசூரைச் சேர்ந்த வேன் இங்கன் பிடித்த மாஷீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை தலைகீழானது. அணைகள் ஆற்றைத் துண்டாடின. வெடி வைத்து மீன் பிடிப்பது பெருகியது. ஒரு வெடிக்குப் பெரிய மீனும் சாகும், விரல் நீளக் குஞ்சும் சாகும். மாஷீர் கதை முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள். ஆனால் 1970-களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு குழு, காவிரியில் ராட்சத மாஷீர்கள் இன்னமும் இருப்பதைத் தூண்டில் போட்டே நிரூபித்தது.

அதற்குப் பின்தான் காவிரியில் புது முறை வேரூன்றியது. 1972-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் முகாம்களை நடத்தியது. விதி எளிமையானது: பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மீனின் உயிர் போனால் தங்கள் பிழைப்பும் போய்விடும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது.

முகாம்களில் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். காலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அலசி 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில். பிடித்து விடப்பட்ட மாஷீர்கள் 6,161. ஆண்டுகள் செல்லச் செல்ல மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, சராசரி எடை குறைந்திருந்தது. அதாவது இளம் மீன்கள் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. காவல் பலித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் பெருகியது நீலத் துடுப்பு மாஷீர். காவிரியின் சொந்தக் கூன்முதுகு மீனோ ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே வந்திருந்தது.

நீலத் துடுப்பு எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய குஞ்சுப் பொரிப்பகத்தில் 1970-களிலிருந்து இந்த இனம் செயற்கை முறையில் பெருக்கப்பட்டது. மாஷீரை அழிவிலிருந்து காப்பதுதான் நோக்கம். பல மாநிலங்களுக்குக் குஞ்சுகள் சென்றன; காவிரியிலும் விடப்பட்டன. எல்லாம் மாஷீர்தானே என்று அப்போது யாரும் வேறுபாடு பார்க்கவில்லை. வந்த விருந்தாளி வீட்டை நிரப்பிவிட்டது. வீட்டுக்காரர் ஒதுங்கிப்போனார்.

இந்தக் கணக்கு வெளிவருவதற்குள் முகாம்களில் தூண்டில் ஓய்ந்துவிட்டது. காரணம், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். காவிரிக் காடு 1987-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சரணாலயத்துக்குள் ஓர் உயிரைப் பிடிப்பதும் வேட்டைதான், திரும்ப விட்டாலும் அது வேட்டைதான் என்ற சட்ட விளக்கம் வலுப்பெற்றது. பசிக்கு மீன் பிடிப்பவருக்கு ஒரு நீதி, பணம் கட்டி விளையாடுபவருக்கு ஒரு நீதியா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. நீண்ட நேரம் போராடிக் களைத்த மீன் திரும்ப விட்டாலும் பிழைக்கும் என்று உறுதி கிடையாது. தூண்டில் ஆர்வலர்களின் வாதமோ வேறு. ஆற்றில் ஆள் நடமாட்டம் இருந்தவரை வெடிக்காரர்கள் அஞ்சினார்கள். காவலையும் கணக்கையும் ஒரே நாளில் நிறுத்தியது யாருக்கு லாபம் என்று அவர்கள் கேட்கிறார்கள். முகாம்கள் இயற்கைச் சுற்றுலா விடுதிகளாக மாறின. பதிவேடு மூடப்பட்டது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு அதுவரை முறையான அறிவியல் பெயரே கிடையாது. பெயர் இல்லாத இனத்தை ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? விஞ்ஞானிகள் மீனைத் தேடிப் போனார்கள். காவிரியில் தேடியது கடைசியில் மோயாற்றில் அகப்பட்டது. நீலகிரி மலையடிவாரத்தில், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் வழியே ஓடிப் பவானிசாகரில் சேரும் ஆறு அது. ஒப்பிட்டுப் பார்த்ததில், கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு ஏற்கெனவே சூட்டியிருந்த டோர் ரெமாதேவியே என்ற பெயர் இதற்குரியதுதான் என்று 2018-இல் முடிவாயிற்று. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இந்த மீனைச் சேர்த்தது.

பெயரும் பட்டியலும் மட்டும் மீனைக் காப்பாற்றிவிடாது. மணல் கொள்ளை, வெடி, வறட்சி, அணைகள் என்று பழைய எதிரிகள் அப்படியே இருக்கிறார்கள். மேக்கேதாட்டுவில் கர்நாடகம் கட்ட விரும்பும் அணையைத் தமிழகம் எதிர்க்கிறது. டி.எம்.சி. கணக்கில் நடக்கும் அந்தச் சண்டையில் மீனுக்கு இடமில்லை. ஆனால் அணை எழுந்தால் சரணாலயத்தின் ஒரு பகுதி மூழ்கும். பாறைகளுக்கிடையே பாயும் நீரில் வாழப் பழகிய மீனுக்கு அங்கே தேங்கிய ஏரிதான் மிஞ்சும்.

வழி இல்லாமல் இல்லை. வடக்கே ராம்கங்கை ஆற்றில், கார்பெட் காப்பகத்துக்கு வெளியே, இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியைத் தூண்டிலில் வீசிப் பொன்னிற மாஷீரைப் பிடித்து விடுகிறார்கள்; அதில் உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் பிழைப்பு கிடைக்கிறது. சிருங்கேரியிலும் காவிரிக் கரையின் ராமநாதபுராவிலும் கோயில் துறை மீன்களை யாரும் தொடுவதில்லை. பக்தர்கள் பொரி போட்டுக் காக்கிறார்கள். முறை எதுவானாலும் பொதுவான அம்சம் ஒன்றுதான்: கரையில் நின்று தினமும் ஆற்றைப் பார்க்கும் ஆட்கள்.

காலிபோர் கரையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். எண்ணினார்கள், எடை போட்டார்கள், எழுதி வைத்தார்கள். எந்த மீன் குறைகிறது என்பதை மட்டும் உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. கூன்முதுகு மாஷீர் மோயாற்றில் இன்னும் நீந்துகிறது. அங்கே அதை எண்ணிப் பார்க்க இன்னொரு பதிவேடு தேவை. இந்த முறை மீனுக்குச் சரியான பெயரும் இருக்கிறது.